உப்பளக் கரையும் பூஞ்சை இழையும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கு நோக்கிச் சென்றால், ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவில் மரக்காணம் என்னும் ஊரை அடையலாம். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் உப்பு விளைவிற்குப் பெயர் பெற்றது. வரப்புகளால் பிரிக்கப்பட்ட பாத்திகள் கண்ணுக்கு எட்டிய தொலைவுவரை பரந்து கிடக்கின்றன. அவற்றில் தேக்கிய உவர்நீரைக் கோடை வெயில் சுண்டச் செய்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாக ஆகச் செறிவு மிகுந்து, இறுதியில் உப்பு படிகமாகப் பூக்கிறது. தொழிலாளர்கள் காலை இளவெயிலிலேயே களத்தில் இறங்கி, நீண்ட கோலில் பொருத்திய பலகையால் உப்பை வாரி வரப்பின்மேல் குவிக்கின்றனர். வெண்ணிறக் குவியல்கள் வரிசை வரிசையாக நிற்பது கண்கொள்ளாக் காட்சியாகும்.

நெய்தல் நிலத்தின் இத்தொழில் மிகப் பழமையானது. சிறுபாணாற்றுப்படையில் கூறப்படும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்று அறிஞர் கருதுவர். சங்க காலத்தில் உப்பை வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்று விற்றவர்களை உமணர் என்றனர். பிற்காலத்தில், இக்கடற்கரையை ஒட்டி வெட்டப்பட்ட பக்கிங்காம் கால்வாயில் உப்பும் விறகும் பிற சரக்குகளும் படகுகளில் சென்றன. இன்று அவ்வேலையைச் சரக்குந்துகள் செய்கின்றன. ஊர்தி மாறினும் உண்மை மாறவில்லை. உப்பு எவ்வளவு விளைந்தாலும், உரிய இடத்திற்கு உரிய காலத்தில் போய்ச் சேரவில்லையெனில் அதனால் பயனில்லை. இச்சிறு உண்மையை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்க. கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஓர் உயிரின் வளர்ச்சியை அறிந்துகொள்ள இதுவே நமக்குத் துணை செய்யும்.

கருவாட்டில் ஒரு கறை

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் நாட்டுப் பழமொழி. உப்பு உணவுக்குச் சுவை தருவதோடு, அது கெடாமலும் காக்கின்றது. இக்கடற்கரை மீனவர், வலையில் மிகுதியாக அகப்படும் மீனை உப்பிட்டு உலர்த்திக் கருவாடு ஆக்குவர். உப்பிட்ட மீன் ஏன் விரைவில் அழுகுவதில்லை? நீர் எப்பொழுதும் உப்புச் செறிவு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்திற்கு மெல்லிய சவ்வின் ஊடே ஈர்க்கப்படும். உணவை அழுகச் செய்யும் நுண்ணுயிர் உப்பிட்ட மீனின்மேல் விழுந்தால், அதன் உடலிலுள்ள நீர் வெளியே இழுக்கப்படுகிறது. அது வாடி ஒடுங்குகிறது. ஆதலால் மீன் கெடுவதில்லை.

ஆயினும் மழைக்காலத்து ஈரக்காற்று பட்டால், நன்கு உலராத கருவாட்டின்மீது சில வேளைகளில் பழுப்பு நிறப் புள்ளிகள் தோன்றும். உப்பில் தோய்ந்த பொருளின்மேல் இக்கறை எங்ஙனம் வந்தது? அது வாலெமியா என்னும் பூஞ்சையின் வேலை. பல உயிர்களைக் கொல்லும் உப்பின் நடுவிலும் அப்பூஞ்சை வாழக் கற்றிருக்கிறது. மீனவர் குடும்பம் பல நாள் உழைத்துச் சேர்த்த பொருளை அது விலைபோகாமற் செய்துவிடுகிறது. இத்தகைய உயிர் எவ்வாறு வளர்கிறது என்பதை அறிவது வெறும் பொழுதுபோக்கு அன்று. வாழ்க்கைக்கு வேண்டிய அறிவாகும்.

நுனியில் மட்டும் வளரும் உயிர்

ஊறிய ரொட்டித் துண்டின்மேல் பஞ்சுபோலப் படரும் பூஞ்சையை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். உருப்பெருக்கியின் வழியே நோக்கினால் அப்பஞ்சு எண்ணற்ற மெல்லிய குழல்களால் ஆனது என்பது விளங்கும். ஒவ்வொரு குழலையும் பூஞ்சை இழை என்போம். பெரும்பாலான இழைகளின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 2 முதல் 10 பங்கே இருக்கும். நம் தலைமயிர் அதனினும் பன்மடங்கு பருமன் உடையது.

தலைமயிர் அடியிலிருந்து வளர்கிறது. ஆதலால் நுனியை வெட்டினாலும் அதன் வளர்ச்சி நிற்பதில்லை. பூஞ்சை இழையோ இதற்கு முற்றிலும் மாறானது. அதன் நுனி மட்டுமே நீள்கிறது. பின்புறத்துச் சுவர் இறுகிவிடுவதால் அப்பகுதி நீள்வதில்லை. பக்கவாட்டில் ஒரு கிளை தோன்றவேண்டுமாயினும், அங்கு ஒரு புதிய நுனி பிறந்தாக வேண்டும். நியூரோஸ்போரா என்னும் பூஞ்சையின் நுனி, நல்ல உணவும் வெப்பமும் கிடைத்தால், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் முன்னேறிவிடும். கரும்பு வயலில் தீ பட்ட தாள்களின்மேல் செம்மஞ்சள் நிறத்தில் பூப்பது இவ்வினத்தைச் சேர்ந்ததே. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்த ரமேஷ் மகேசுவரி கரும்பு வயல்களில் இதன் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்தவர்.

நுனி முன்னேற வேண்டுமானால் அங்கே புதிய சுவர் எழவேண்டும். கைட்டின், குளுக்கன் என்பன அச்சுவரின் முதன்மையான கட்டுமானப் பொருள்கள். நண்டு, இறால் ஆகியவற்றின் ஓட்டில் இருப்பதும் கைட்டினே. இப்பொருள்களை நெய்யும் நொதிகள் புரதங்களாகும். அவை நுனியில் உண்டாவதில்லை. பெரும்பாலும் நுனிக்குப் பின்னால் இழையின் உடலில் உண்டாகி, சவ்வினாலான நுண்பைகளில் அடைபட்டு நுனியை நோக்கிச் செல்கின்றன. வேகமாக வளரும் ஒரு நியூரோஸ்போரா நுனியில் ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 38,000 நுண்பைகள் வந்து இணையவேண்டும் என்று 1974-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கணக்கிட்டனர். கண்ணுக்குத் தெரியாத ஓர் இழைக்குள் இத்துணைப் பெரிய போக்குவரத்து நிகழ்வது வியப்பன்றோ?

ஏடும் சரக்கும் வண்டியும்

இப்போக்குவரத்து எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

ஒவ்வோர் உயிரணுவின் உட்கருவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு உள்ளது. அதனை ஓர் ஏடு எனக் கொள்ளலாம். இன்ன புரதத்தை இவ்வாறு செய்க என்னும் குறிப்பு அவ்வேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் ஒரு மரபணு. நியூரோஸ்போராவின் ஏடு முழுவதும் 2003-ஆம் ஆண்டில் படித்து வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 10,000 மரபணுக்கள் இருப்பது தெரியவந்தது.

மரபணுவின் குறிப்பு படியெடுக்கப்பட்டு ரிபோசோம் என்னும் நுண்ணிய பட்டறைக்குச் செல்கிறது. அங்கே புரதம் கோக்கப்படுகிறது. வெளியே அனுப்பவேண்டிய புரதங்கள் பலவற்றின் தொடக்கத்தில் ஒரு சிறு துணுக்கு உண்டு. அஃது அஞ்சலுறையின்மேல் எழுதிய முகவரி போன்றது. இவ்வுண்மையை விளக்கிய குண்டர் பிளோபல் என்பவர் 1999-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். முகவரியுள்ள புரதம் எண்டோபிளாச வலை என்னும் அறைக்குள் நுழைந்து உருத்திருந்துகிறது. பின்னர்க் கோல்கி உறுப்பை அடைந்து தரம் பிரிக்கப்படுகிறது. அங்கிருந்து நுண்பையில் கட்டப்பட்டுப் புறப்படுகிறது.

நுண்பை செல்வதற்குச் சாலை வேண்டுமே! இழையின் நெடுகிலும் நுண்குழல்கள் என்னும் புரதத் தண்டவாளங்கள் அமைந்துள்ளன. கைனசின் என்னும் புரதம் நுண்பையைச் சுமந்து இத்தண்டவாளத்தின்மேல் நுனியை நோக்கி நடக்கிறது. டைனீன் என்னும் மற்றொரு புரதம் எதிர்த்திசையில் நடந்து, திரும்பவேண்டிய பொருள்களைப் பின்னே கொண்டுவருகிறது. நுனிக்கு அருகில் நெடுஞ்சாலை முடிந்து ஆக்டின் என்னும் சிறு சாலைகள் தொடங்குகின்றன. அங்கே சுமக்கும் பணியை மயோசின் ஏற்றுக்கொள்கிறது. நுனியை அடைந்த நுண்பையை எட்டுப் புரதங்கள் சேர்ந்த ஒரு குழு சவ்வின் அருகே பிடித்து நிறுத்துகிறது. பின்னர்ப் பூட்டும் சாவியும்போல் பொருந்தும் வேறு சில புரதங்கள் நுண்பையைச் சவ்வோடு இணைத்துவிடுகின்றன. பை திறக்கிறது, சரக்கு இறங்குகிறது, சுவர் எழுகிறது, நுனி முன்னேறுகிறது.

நுனியில் ஒரு கிடங்கு

சரக்கு வந்து சேரும் இடத்தில் ஒரு கிடங்கு இருத்தல் இயல்பு. அத்தகைய ஒன்றைப் பூஞ்சை இழையின் நுனியில் 1924-ஆம் ஆண்டில் புருன்சுவிக் என்னும் அறிஞர் சாயமிட்ட இழையில் முதன்முதலாகக் கண்டார். ஜெர்மானிய மொழியில் அதனை ஸ்பிட்சன்கோர்ப்பர் என்பர்; 'நுனியுடல்' என்பது அதன் பொருள். 1957-இல் கிர்பார்ட் என்பவர் உயிரோடு வளரும் இழையிலேயே அதனைக் கண்டு விளக்கினார். இழை நேரே வளரும்போது நுனியுடல் நடுவில் நிற்கும். அது வலப்புறம் விலகினால் இழையும் வலப்புறம் திரும்பும். அது மறைந்தால் வளர்ச்சி நின்றுவிடும்.

நுனியுடல் என்பது நுண்பைகள் கூடிப் பிரியும் சந்தை எனலாம். நியூரோஸ்போராவில் அதன் நடுப்பகுதியில் கைட்டினை நெய்யும் நொதிகளைச் சுமக்கும் சிறு பைகளும், சுற்றிலும் குளுக்கனோடு தொடர்புடைய பெரிய பைகளும் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. பைகளைப் பங்கிடும் இம்மையம் சீராக முன்னே நகர்ந்தால் இழைக்கு அதன் குழல் வடிவம் தானாகவே கிடைக்கும் என்பதை, பார்ட்னிக்கி-கார்சியாவும் அவருடன் உழைத்தவர்களும் 1989-இல் ஒரு கணிதச் சமன்பாட்டால் காட்டினர்.

பிழை எங்கே?

மரபணுவுக்கும் புரதத்திற்கும் உள்ள தொடர்பை நமக்குக் கற்பித்ததும் பூஞ்சையே. 1941-ஆம் ஆண்டில் பீடில், டேட்டம் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் நியூரோஸ்போராவின்மேல் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சினர். அதனால் சில மரபணுக்கள் பழுதுற்றன. பழுதுற்ற பூஞ்சைகளுட் சில, தமக்கு வேண்டிய வைட்டமினைத் தாமே செய்துகொள்ளும் ஆற்றலை இழந்தன. ஒரு மரபணு பழுதுபட்டால் ஒரு நொதி குறைவுபடுகிறது என்னும் முடிவுக்கு இது வழிவகுத்தது. 1958-இல் அவ்விருவரும் லெடர்பர்க் என்பவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அப்படியாயின், நல்ல சரக்கைச் செய்தால் மட்டும் உயிரணு வளர்ந்துவிடுமா? இக்கேள்விக்கு விடை பின்னர்க் கிடைத்தது. 1979-இல் ஷெக்மன், நோவிக் என்போர், ரொட்டி மாவைப் புளிக்கச் செய்யும் ஈஸ்டில் ஒரு வகைப் பழுதைக் கண்டனர். குறைந்த வெப்பத்தில் அந்த ஈஸ்ட் இயல்பாக வளர்ந்தது; வெப்பத்தைக் கூட்டியவுடன் வளர்ச்சி நின்றது. மின்னணு நுண்ணோக்கியால் பார்த்தபோது உயிரணு முழுவதும் நுண்பைகள் தேங்கிக் கிடந்தன! புரதம் செய்யப்பட்டிருந்தது, பையிலும் கட்டப்பட்டிருந்தது, இறக்குவதற்குத்தான் வழியில்லை. களத்தில் உப்பு மலைபோற் குவிந்திருக்க, ஊரிலுள்ள அடுப்பங்கரையில் உப்பில்லாத நிலை அது. இத்தகைய ஆராய்ச்சிகளுக்காக ஷெக்மன், ராத்மன், சூடாஃப் ஆகிய மூவருக்கும் 2013-ஆம் ஆண்டில் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

ஈஸ்ட் உருண்டையானது, அதில் சரக்கு செல்லவேண்டிய தொலைவு சிறிது. நீண்ட இழைகளிலோ தொலைவு பெரிது. ஆதலால் வண்டியின் தேவையும் பெரிது. ரொனால்டு மாரிஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1970-களில் ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்னும் பூஞ்சையில் பழுதுற்ற வகைகள் பலவற்றைத் திரட்டினார். அவற்றுட் சிலவற்றில், இழை நெடுகப் பரவவேண்டிய உட்கருக்கள் ஓரிடத்திலேயே கும்பலாக நின்றன; இழையும் நன்கு வளரவில்லை. காரணம் என்ன? 1994-ஆம் ஆண்டில் விடை கிடைத்தது. அவற்றுள் ஒன்றில் பழுதுற்றிருந்தது டைனீனை ஆக்கும் மரபணு. அதே ஆண்டில், இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டு வளரும் நியூரோஸ்போரா வகையிலும் டைனீன் சார்ந்த பழுதே இருப்பது தெரிந்தது.

டைனீன் பின்னோக்கிச் செல்லும் வண்டியாயிற்றே! அது நின்றுபோனால் முன்னே உள்ள நுனி ஏன் துன்புறவேண்டும் என்று மாணவர்கள் வினவலாம். சரக்கை இறக்கிய வண்டிகள் திரும்பி வாராவிடில், மறுநாள் சரக்கு ஏற்ற வண்டி ஏது? போவதும் வருவதும் சேர்ந்ததே போக்குவரத்து. இழையின் நுனியில் எஞ்சிய சவ்வும் புரதங்களும் மீண்டும் உள்ளே இழுக்கப்பட்டு, மறுபடியும் பயன்படுத்தப்படுகின்றன. இச்சுழற்சி தடைப்பட்டால் நுனி தன் ஒழுங்கை இழக்கிறது.

இவ்வாராய்ச்சி எதிர்பாராத ஓரிடத்தில் பயன் தந்தது. மாரிஸ் திரட்டிய வகைகளுள் மற்றொன்றில் பழுதுற்றிருந்த மரபணுவை 1995-இல் ஆராய்ந்தனர். அது மனிதரிடத்துள்ள லிஸ்-1 என்னும் மரபணுவைப் பெரிதும் ஒத்திருந்தது. லிஸ்-1 பழுதுற்றால், கருவிலேயே மூளையின் வளர்ச்சி குன்றி, மடிப்புகள் இருக்கவேண்டிய மூளையின் மேற்பரப்பு வழவழப்பாகிவிடும். அக்குழந்தை பெருந்துன்பத்திற்கு ஆளாகும். அந்நோயில் நரம்பணுக்கள் தத்தம் இடத்தைச் சென்று சேராமைக்குக் காரணம் என்ன என்பதை அறிய, ஓர் எளிய பூஞ்சை வழி காட்டியது. கருவாட்டின்மேல் படரும் பூஞ்சைக்கும் தாயின் மடியில் தவழும் மகவுக்கும் உள்ளே ஓடும் வண்டிகள் ஒரு குலத்தைச் சேர்ந்தவை. எவ்வுயிரையும் சிறிதென்று இகழ்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

உப்பு வெள்ளமும் கிளிசராலும்

மீண்டும் உப்பளத்திற்கு வருவோம். வளர்ந்துகொண்டிருக்கும் நுனியைச் சுற்றியுள்ள நீரின் செறிவு திடீரென மாறினால் என்ன ஆகும்? 1958-இல் ராபர்ட்சன் என்பவர் ஃபுசேரியம் என்னும் பூஞ்சையின் நுனிகளை நீரில் மூழ்கச் செய்து பார்த்தார். நுனிகள் வளர்ச்சியை நிறுத்தின. மீண்டும் வளரத் தொடங்கியபோது பல நுனிகள் கிளைத்துச் சென்றன. உப்புச் செறிவு திடீரென ஏறும்போதும் இதுபோன்ற தடுமாற்றம் உண்டாகும். நுனியுடல் கலைகிறது, சரக்கு எங்கே செல்வது என்பது தெரியாமற் போகிறது. செறிவுக்கு ஏற்ப உயிரணு தன்னைத் திருத்திக்கொண்ட பின்னரே நுனியுடல் மீண்டும் உருவாகி வளர்ச்சி தொடர்கிறது.

எவ்வாறு திருத்திக்கொள்கிறது? வெளியே உப்பு மிகும்போது உள்ளேயுள்ள நீர் ஓடிப்போகாமல் இருக்கவேண்டும். அதற்காகப் பூஞ்சை தன் உடலுக்குள் கிளிசரால் என்னும் இனிய பொருளை நிறையச் செய்து சேர்த்துக்கொள்கிறது. கிளிசரால் நீரைப் பிடித்து நிறுத்துகிறது. அதே வேளையில் உள்ளிருக்கும் புரதங்களுக்குத் தீங்கு செய்வதில்லை. உப்பு மிகுந்ததை உணர்ந்து, 'கிளிசரால் செய்க' என்று ஆணையிடுவதற்கும் மரபணுக்கள் உண்டு. அவை பழுதுற்ற நியூரோஸ்போரா, சாதாரண உணவில் உயிர்வாழும். உப்பு மிகுந்த உணவில் வளர மாட்டாது.

செறிந்த உப்புநீரில் பூஞ்சைகள் இயல்பாக வாழ்வதில்லை என்றே நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தனர். 2000-ஆம் ஆண்டில் சுலோவேனியா நாட்டுச் செச்சோவ்லியே உப்பளங்களில் நீனா குண்டே-சிமெர்மன் என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் செய்த ஆராய்ச்சி அவ்வெண்ணத்தை மாற்றியது. அங்குள்ள உப்புநீரிலிருந்து பல பூஞ்சைகளை அவர்கள் பிரித்தெடுத்தனர். நம் நாட்டிலும் கோவாவின் உப்பளங்களில் ஆஸ்பெர்ஜில்லஸ் இனங்கள் வாழ்வதைக் கோவாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டுள்ளனர். உப்பளம் உயிரற்ற வெண்பாலை அன்று. அஃது இயற்கையின் ஓர் ஆய்வுக்கூடம்.

நெல்வயலில் ஒரு போர்

உப்புக்கு அஞ்சாத பூஞ்சை கையாளும் அதே கிளிசராலை, உப்பே இல்லாத நன்னீர் வயலில் மற்றொரு பூஞ்சை ஒரு படைக்கருவியாகக் கொண்டுள்ளது. மரக்காணத்திலிருந்து மேற்கு நோக்கிச் சென்றால் உவர்நிலம் மறைந்து நெல்வயல்கள் தோன்றும். அந்நெல்லுக்கு வரும் நோய்களுள் கொடியது குலைநோய். இந்தியாவில் இதன் பெருந்தாக்குதல் 1919-ஆம் ஆண்டில் தஞ்சைக் கழிமுகப் பகுதியில் நிகழ்ந்தது.

குலைநோய்ப் பூஞ்சையின் நுண்வித்து நெல்லிலையின்மேல் ஒட்டி முளைக்கிறது. முளையின் முனை பருத்துக் குவிமாடம்போல் ஆகிறது. அதற்குள் கிளிசரால் செறிய, வெளியிலிருந்து நீர் உட்புகுந்து அழுத்தம் ஏறுகிறது. அவ்வழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு எனக் கணக்கிட்டுள்ளனர். பேருந்துச் சக்கரத்தில் அடைத்த காற்றின் அழுத்தத்தைப்போல் அது 10 மடங்கு ஆகும்! அவ்வலிமையால் இலையின் கெட்டித் தோலைத் துளைத்துப் பூஞ்சை உள்ளே நுழைகிறது.

நுழைந்தபின் நெல்லின் எதிர்ப்பை அடக்கச் சில புரதங்களை அனுப்புகிறது. நெல்லின் உயிரணுவுக்கு வெளியே தங்கவேண்டிய புரதங்களை ஒரு வழியிலும், அவ்வுயிரணுவுக்கு உள்ளே புகவேண்டியவற்றை மற்றொரு வழியிலும் அது அனுப்புகிறது என்பது 2013-ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. எதிரியின் கோட்டையைத் தகர்க்கப் படையை மட்டும் எண்ணினால் போதாது. உணவும் படைக்கலமும் வரும் வழிகளையும் அறியவேண்டும். அவ்வழிகளை அடைக்கும் முறை தெரியுமாயின், உழவர் தம் வயலைக் காக்கப் புதியதொரு துணை பெறுவர்.

பகையும் நட்பும்

பூஞ்சை மனிதரையும் தாக்கும். 2021-ஆம் ஆண்டில், கொரோனா நோயிலிருந்து மீண்ட பலரைக் 'கருப்புப் பூஞ்சை' நோய் பற்றியதை நாடறியும். பூஞ்சையை அழிக்கும் மருந்து காண்பது எளிதன்று. அதன் உயிரணு பல வகையில் நம் உயிரணுவை ஒத்திருக்கிறது. அதன் வண்டிகளை நிறுத்தும் மருந்து நம் வண்டிகளையும் நிறுத்திவிடக்கூடும். ஆகவே அதனிடம் உள்ளதும் நம்மிடம் இல்லாததுமான ஒன்றைத் தேடவேண்டும். பூஞ்சையின் சுவர் அத்தகையது. குளுக்கனை நெய்யும் நொதியைத் தடுக்கும் ஒருவகை மருந்து 2001-ஆம் ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ளது. ஆயினும் எல்லாப் பூஞ்சைகளுக்கும் ஒரே மருந்து உதவுவதில்லை. கருப்புப் பூஞ்சைக்கு வேறு மருந்துகளே வேண்டியிருந்தன. ஒவ்வொரு பூஞ்சையையும் தனித்தனியே அறிந்தாக வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

அதே பூஞ்சை நமக்கு நண்பனும் ஆகும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் இழைப்பூஞ்சையைக் கொண்டு எலுமிச்சைப் புளிப்பின் சாரமான சிட்ரிக் அமிலத்தைத் தொழிற்சாலைகளில் செய்கின்றனர். மாவைச் சர்க்கரையாக மாற்றும் நொதியையும் அது வெளியே சுரக்கிறது. அந்நொதி பெரிதும் வளரும் நுனிகளிலிருந்தே வெளிவருகிறது என்பது 1991-இல் புலனாயிற்று. எனவே, போக்குவரத்து நன்கு அமைந்த பூஞ்சையே நல்ல தொழிலாளி என்பது பெறப்படும்.

இத்துறையில் தமிழகத்தின் பங்கும் சிறிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி. எஸ். சதாசிவன் அவர்களும் அவர்தம் மாணவர்களும் பருத்தியின் வாடல் நோய்க்குக் காரணமான ஃபுசேரியம் பூஞ்சையை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றனர். அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி. வி. சுப்பிரமணியன் அவர்கள் இந்திய இழைப்பூஞ்சைகளை வகைப்படுத்தி எழுதிய பெருநூல் 1971-இல் வெளிவந்தது. அவர்கள் தொடங்கிய பணியைத் தொடர்வது இன்றைய மாணவர்களின் கடமையாகும்.

முடிவுரை

மரபணு ஏடு, புரதம் சரக்கு, நுண்பை மூட்டை, கைனசினும் டைனீனும் மயோசினும் வண்டிகள், நுனியுடல் கிடங்கு. இவற்றுள் எது குறைந்தாலும் இழை நேரே வளராது. ஏட்டில் எழுதியிருப்பது மட்டும் வளர்ச்சி ஆகாது. எழுதியபடி செய்து, செய்ததை உரிய இடத்தில் கொண்டு சேர்ப்பதே வளர்ச்சி.

அடுத்த முறை மரக்காணத்தைக் கடந்து செல்ல நேர்ந்தால், சாலையோரத்தில் உப்பு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நிற்கும் சரக்குந்தைச் சற்றே நோக்குங்கள். வெயிலில் உப்பு வாரியவரின் உழைப்பும், சுமந்து ஏற்றியவரின் உழைப்பும், ஓட்டிச் செல்பவரின் உழைப்பும் கூடினாலன்றி நம் இலையில் ஒரு சிட்டிகை உப்பு வந்து விழாது. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை இழையும் அவ்வாறே எண்ணற்ற சிறு தொழிலாளர்களின் ஒத்துழைப்பால் அணு அணுவாக முன்னேறுகிறது. செய்வோரும் சேர்ப்போரும் ஒருங்கு கூடிய இடத்திலேதான் வளர்ச்சி உண்டு. இஃது உயிரணுவுக்கும் பொருந்தும், ஊருக்கும் பொருந்தும்.